கொம்பையா பெய்த மழை

எருக்கம்பட்டிக்கு அரசாங்கம் வருசத்துக்கு ஆறு மழை ஒதுக்கியது. பெரிய ஊர் என்றால் எட்டு. குளம், கண்மாய் எதுவுமே இல்லாத ஊர் என்றால் ஏழு. எருக்கம்பட்டியில் பேருக்கு ஒரு ஊருணி கிடந்ததால் ஒன்றைக் குறைத்துவிட்டார்கள். ஊராட்சித் தலைவன் கொம்பையாவுக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்தான். ஆனால் அதற்கு முந்தின வருசம் வானம் தன் இஷ்டத்துக்குப் பெய்தது மொத்தமே ஒன்றரை மழை என்பதை நினைத்துப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

அதுவரை அவனுக்கு இருந்த தலைவலியெல்லாம் தெருவிளக்கும் குடிதண்ணீர்க் குழாயும்தான். "எங்க தெருவுல லைட்டு எரியலை" என்று வருகிறவர்களிடம் "மேல எழுதிப் போட்டிருக்கு" என்று சொல்லத் தெரிந்தால் போதும், பதவிக்காலம் ஓடிவிடும். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அதற்காக யாரும் தலைவன் வீட்டுக் கதவைத் தட்டியது கிடையாது.

திட்டத்தை விளக்க வட்டார மழை அலுவலகத்திலிருந்து ஹேமாவதி என்ற இளம் அதிகாரி வந்தாள். திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண். கரிசல் மண் செருப்பில் ஒட்டி ஒட்டிக் கனத்துப்போக, காலை உதறி உதறித்தான் சமுதாயக் கூடத்துக்குள் நுழைந்தாள்.

"கடல்ல மேகம் கூடும்போதே எங்க கப்பலுங்க மடக்கிடும். அங்கேயே நிறுத்தி வெச்சிருப்போம். நீங்க தேதி சொன்னீங்கன்னா, பறக்கிற எந்திரங்க சுத்தி நின்னு ஓட்டிக்கிட்டு வந்து உங்க ஊர் எல்லைக்குள்ள இறக்கிடும்."

"ஆடு பத்துத மாதிரி" என்றார் ஏசுவடியான். ஊரிலேயே அதிகமாக உளுந்து போடுகிறவர், மளிகைக் கடையும் வைத்திருந்தார்.

"அப்படியேதாங்க ஐயா."

"வழியில ஒண்ணு ரெண்டு தப்பிச்சுப் போயிராதா?"

"தப்பாது. இனிமே ஒதுக்கீடு இல்லாம எங்கேயும் ஒரு துளி விழாது" என்றாள் பெருமையாக.

தேதியை முடிவு செய்வது கிராம சபை. கை தூக்கி, எந்தப் பக்கம் கை அதிகமோ அந்தத் தேதி. மக்கள் மழையை மக்களே தீர்மானிக்கிறார்கள் என்று சுவரொட்டியில்கூட அச்சடித்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனைதான்: மார்ச் கடைசிக்குள் வாங்காத மழை காலாவதியாகிவிடும்.

"மழை எப்படிம்மா காலாவதி ஆகும்?" என்று கேட்டான் கொம்பையா.

"நிதியாண்டுங்க" என்றாள் அவள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

முதல் வருசம் ஊர் திருவிழாக் கோலம்தான். விதைப்புக்கு எல்லோருக்கும் ஒரே நாளில் மழை வேண்டியிருந்தது. எல்லாக் கையும் ஒன்றாக எழுந்தன. சொன்ன நாளில், மதியச் சாப்பாடு முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்துக்கு, "உங்கள் மழை புறப்பட்டுவிட்டது" என்று எல்லோர் செல்லுக்கும் செய்தி வந்தது. சொல்லி வைத்த மாதிரி கிழக்கே கருத்துக்கொண்டு வந்து இறங்கியது. ஊர் எல்லைக் கல்லோடு கோடு போட்ட மாதிரி நின்றும்போனது. பக்கத்து ஊர்க்காரர்கள் காய்ந்த பக்கம் நின்றுகொண்டு, கைக்கெட்டும் தூரத்தில் பெய்கிற மழையை, அடுத்த வீட்டு விருந்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். விட்டதும் இன்னொரு செய்தி வந்தது: "இன்றைய மழை உங்களுக்குத் திருப்தியளித்ததா?" கொம்பையாவின் மனைவி சண்முகக்கனி ஐந்து நட்சத்திரம் கொடுத்தாள். துவைத்துக் காயப்போட்ட துணி நனைந்துபோனதற்காகப் பிறகு ஒன்றைக் குறைத்துக்கொண்டாள்.

தொல்லை மார்ச்சில் வந்தது. வருசக் கணக்கில் ஒரு மழை மிச்சம் இருந்தது.

உளுந்தும் பாசியும் போட்டவர்கள் அறுத்து வீடு சேர்த்து வெகுநாளாகியிருந்தது. ஊரில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அவர்கள்தான். கோடை உழவுக்கு மண் நனைந்தால் போதும் என்று காத்திருந்தார்கள். மிளகாய் போட்டவர்கள் ஐந்தே வீடு. அவர்களுடைய பழமெல்லாம் பறித்துக் களத்தில் பரப்பிக் காய்ந்துகொண்டிருந்தது. ஊருக்கு வடக்கே அந்தக் களத்தைப் பார்த்தால் சிவப்புச் சமுக்காளம் விரித்த மாதிரி இருக்கும்.

கிராம சபையில் வெயிலாச்சி எழுந்து நின்றாள். கொம்பையாவுக்கு மூத்த அக்கா. உள்ளூரிலேயே சின்னமாடனுக்கு வாக்கப்பட்டவள். கூட்டத்திலும் அவளுக்குக் காட்டில் வேலையாளைக் கூப்பிடுகிற குரல்தான்.

"வத்தல் களத்துல கெடக்கு. இன்னும் பத்து நாளு வெயில் குடுங்க. பொறவு எத்தனை மழை வேணும்னாலும் வாங்கிக்கிடுங்க."

"பத்து நாளு போனா ஏப்ரல் பொறந்திரும்லா" என்றார் ஏசுவடியான். வருத்தத்தோடுதான் சொன்னார். "காலாவதி ஆயிரும்னு அந்தப் பொண்ணு சொல்லிருக்கு. உழவு ஓட்டணும். மாட்டுக்குப் பச்சைன்னு ஒண்ணும் இல்ல. வார மழைய வேண்டாம்னு எப்படித் தாயி சொல்லுதது?"

இரண்டு பேர் சொன்னதும் நியாயமாக இருந்தது. அதுதான் கொம்பையாவுக்குப் பிடிபடாத சங்கடம். கை தூக்கச் சொன்னார்கள். உளுந்துப் பக்கம் கைகள் எழுந்தன. மிளகாய்ப் பக்கமும் எழுந்தன, எண்ணத் தேவையில்லாத அளவுக்கு. தலைவன் நடுவில் நிற்கவேண்டும் என்று நினைத்துக் கொம்பையா எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. வெயிலாச்சி தனக்கு எதிராகத் தூக்கிய கைகளைப் பார்க்கவேயில்லை. தம்பியின் மடியில் கிடந்த கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழை இறங்குவதற்குள் ஐந்து வீட்டுக்காரர்களும் முடிந்தவரை அள்ளினார்கள். ஆனால் பரப்பிக் கிடந்தது ஏக்கர் கணக்கில். முன்பெல்லாம் பருவம் தப்பி மேகம் திரண்டால், யாரும் கூப்பிடாமலே ஊர் முழுக்கக் களத்துக்கு ஓடும். சாக்கோடு சிலர், தார்ப்பாயோடு சிலர், ஒன்றும் இல்லாதவர்கள் உடுத்தியிருந்த துண்டோடு. உளுந்துக்காரன் வத்தல் அள்ளுவான், வத்தல்காரி அவன் வீட்டு உளுந்து நெத்தை மூடுவாள். அந்த வருசம் ஒருவரும் வரவில்லை. ஏசுவடியான் கடையிலிருந்து புதுத் தார்ப்பாய் ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை வரை வந்தார். அங்கேயே கொஞ்சநேரம் நனைந்துவிட்டுத் திரும்பிப் போனார். "கையத் தூக்கி வரச்சொல்லிட்டு, அதே கையால எப்படிப் போயி மூடுதது?" என்று பின்னால் யாரிடமோ சொன்னாராம்.

கொம்பையா மட்டும் களத்துக்குப் போனான். வெயிலாச்சி முழங்கால் வரை சேறாக நின்றாள்.

"நீ போ. தலைவரு நனையக்கூடாது."

"அக்கா, சட்டம் அப்படி இருக்கு. நான் என்ன செய்யட்டும்?"

"வானம் கெடுத்திருந்தா ரெண்டு நாளு அழுதுட்டு எந்திரிச்சிருப்பேன். வானத்துக்கு என்னத் தெரியாது. ஒங்களுக்கெல்லாம் என்னத் தெரியும்லா."

அதோடு அவள் அவனிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள். மழை விட்டதும் எல்லோர் செல்லும் ஒரே நேரத்தில் முனகின. களத்தில் அவளுடையதும். இன்றைய மழை திருப்தியளித்ததா என்று கேட்டது.

அடுத்த வருசம் ஊரே அரசியல் படித்துவிட்டது. மிளகாய் ஐந்து வீடும் பருத்திக்காரர்களைப் பிடித்தது. பருத்திக்காரர்கள் ஆடு வளர்ப்பவர்களைப் பிடித்தார்கள். தை மாதம் உளுந்து நெத்து பறிக்கிற சமயம் பார்த்து, மிளகாய்ப் பூவுக்கு மழை வேண்டும் என்று கை தூக்கினார்கள். இந்தத் தடவை அவர்கள் பக்கம் கை அதிகம். ஏசுவடியானின் உளுந்து செடியிலேயே முளைவிட்டது.

அதற்குப் பிறகு யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். தேநீர்க் கடையில் ஒரு பெஞ்சு உளுந்துப் பெஞ்சாகவும் எதிர்ப் பெஞ்சு வத்தல் பெஞ்சாகவும் ஆகிவிட்டன. கடைக்காரர் இரண்டுக்கும் தனித்தனியாகத் தினத்தந்தி வாங்கிப் போட்டார். ஒரு வீட்டுச் சடங்குக்கு இன்னொரு வீடு போகவில்லை. வெயிலாச்சி மளிகைச் சாமானுக்குப் பேருந்து ஏறிப் பக்கத்து ஊருக்குப் போனாள். தம்பி வீட்டு வாசலைக் கடக்கும்போது மட்டும் நடை கொஞ்சம் வேகமாகும்.

விளைச்சல் என்னமோ முன்னைவிட நன்றாகத்தான் இருந்தது. சென்னையிலிருந்து வந்த குழு ஒன்று எருக்கம்பட்டியை முன்மாதிரி ஊர் என்று படம் பிடித்துக்கொண்டு போனது. எல்லோரையும் சேர்ந்து நின்று சிரிக்கச் சொன்னார்கள். உளுந்துக்காரர்கள் ஒரு பக்கமும் வத்தல்காரர்கள் ஒரு பக்கமுமாக நின்று, தனித்தனியாகச் சிரித்தார்கள்.

கொம்பையா வட்டார அலுவலகத்துக்குப் போய் ஹேமாவதியின் எதிரில் உட்கார்ந்தான்.

"மேடம், எங்க ஊர் மழைத் தேதிய நீங்களே குறிச்சிருங்க."

"அது முடியாதுங்க தலைவரே. மக்கள் பங்கேற்புதான் இந்தத் திட்டத்தோட உயிரே. நாங்க தேதி குறிச்சா அரசாங்கம் திணிக்குதுன்னு ஆயிடும்."

"திணிங்களேன். அரசாங்கத்த வையிறதுக்கு எங்காளுகளுக்குப் பழக்கம் உண்டு. ஒருத்தர ஒருத்தர் வையத்தான் பழக்கமில்ல. வெளிய சொல்லாம உள்ளுக்குள்ளயே வச்சுப் புழுங்குதாக."

ஹேமாவதி சிரித்துவிட்டாள். பிறகு யோசித்தாள். "ஒரு விதி இருக்கு. கிராம சபை தீர்மானம் போட்டு, தேதி குறிக்கிற அதிகாரத்தத் தலைவருக்கே கொடுத்துடலாம். அவர் யாரையும் கேக்கவேண்டியதில்ல. ஆனா எந்த ஊர்லயும் எந்தத் தலைவரும் அதக் கேட்டதில்லைங்க."

"ஏன்?"

"ஏன்னு உங்களுக்கே தெரியுமே."

அவனுக்குத் தெரிந்தது. வீட்டில் சொன்னபோது சண்முகக்கனிக்கும் தெரிந்தது. "ஆறு மழைக்கும் மொத்த ஊரும் ஒங்களத்தான் வையும். புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்றாள்.

"ஒருத்தன வைஞ்சா ஊரு ஒண்ணா வையும்லா" என்றான் கொம்பையா.

தீர்மானத்தைக் கிராம சபையில் வாசித்தபோது ஒரு கை பாக்கியில்லாமல் எழுந்தது. அவனை நம்பி யாரும் தூக்கவில்லை. எதிர்ப் பெஞ்சுக்காரன் கையில் அதிகாரம் போகாமல் இருந்தால் சரி என்றுதான் இரண்டு பக்கமும் நினைத்தார்கள்.

கொம்பையா தினமும் காலையில் காட்டுக்குள் நடந்தான். பூ எங்கே இருக்கிறது, நெத்து எங்கே முற்றியிருக்கிறது, யார் வீட்டுக் கூரை பிரித்துக் கிடக்கிறது என்று பார்த்தான். பார்த்துப் பார்த்துத்தான் தேதி குறித்தான். எந்தத் தேதியைக் குறித்தாலும் யாரோ ஒருத்தருக்கு வயிற்றெரிச்சல். உளுந்துக்காரர்கள், அக்காவுக்காகச் செய்கிறான் என்றார்கள். வத்தல்காரர்கள், ஓட்டுக்காக உளுந்துக்காரன் காலை நக்குகிறான் என்றார்கள். "மழை பெய்யுது" என்று சொல்வதையே ஊர் நிறுத்திவிட்டது. "கொம்பையா பெய்யுதான்" என்றார்கள். கல்யாண வீட்டுப் பந்தல் நனைந்தபோது மாப்பிள்ளை வீட்டார் யார் அந்தக் கொம்பையா என்று விசாரித்து, கைகழுவுகிற இடம் வரை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவன் சொந்தப் பருத்தி வெடித்து நின்ற சமயத்தில் பெய்ததை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. சண்முகக்கனி எடுத்தாள்.

ஒருநாள் தேநீர்க் கடைக்குள் காலை வைத்தவன் அப்படியே நின்றான். உளுந்துப் பெஞ்சில் ஏசுவடியானும், அவர் பக்கத்தில், தோளோடு தோள் உரச, அத்தான் சின்னமாடனும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அவனுக்குப் பயிரு பாக்கத் தெரியாது வே" என்று சொல்லிக்கொண்டிருந்தார் ஏசுவடியான்.

"சின்னப்பிள்ளையிலேயே அப்படித்தான்" என்றார் சின்னமாடன். "எங்க வீட்ல அவ தெனம் சொல்லுவா. நீரு டீய ஆற விட்டுராதீரும்."

கொம்பையாவைப் பார்த்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். பேச்சு நின்றுபோய்விடுமோ என்று பயந்து, எதையோ மறந்தவன்போல அவன் டீ குடிக்காமலேயே திரும்பி நடந்தான். வழி நெடுக அவனுக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

வெயிலாச்சி மட்டும் அசையவில்லை. வையக்கூட இல்லை. தம்பி பேச்சு வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள் என்று அத்தான் சொன்னார்.

மறுபடியும் மார்ச் வந்தது. மறுபடியும் ஒரு மழை மிச்சம். களத்தில் வத்தல் பாதி காய்ந்திருந்தது. கொம்பையா அந்த வாரம் முழுக்கத் தேதி குறிக்காமல் இருந்தான். பிறகு ஹேமாவதியைக் கூப்பிட்டு, கடைசி மழை வேண்டாம், காலாவதியாகட்டும் என்றான். உழவு மழைக்குக் காத்திருக்கிற முக்கால்வாசி ஊருக்கு ஏப்ரல் பிறந்தபின் விசயம் தெரியும். அப்போது வைவார்கள். வையட்டும் என்று நினைத்தான். இதை யாரிடமும் சொல்லவில்லை, வீட்டிலும்கூட.

மூன்றாம் நாள் பிற்பகல். கொம்பையா ஊராட்சி அலுவலகத்தில் குழாய் மோட்டாரைப் பற்றி யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தான். வெளியே வெளிச்சம் மங்கியது. எட்டிப் பார்த்தான். எப்போதும் கிழக்கேயிருந்து வருகிற மேகம் மேற்கே நின்றது. எந்திரங்களின் இரைச்சல் இல்லை. புறப்பட்டுவிட்டது என்று செல்லில் செய்தியும் இல்லை. ஒரு ஆட்டுக்கிடை கலைந்து ஓடுகிற மாதிரி, தாறுமாறாக, வேகமாக வந்தது. காற்றுப் புழுதியைக் கிளப்பியது. கனத்த துளிகள் சடசடவென்று தகரத்தில் விழுந்தன.

கொம்பையா களத்துக்கு ஓடினான். அவனுக்கு முன்பே ஊர் அங்கே இருந்தது. கடையை அப்படியே போட்டுவிட்டு ஏசுவடியான் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். மறுமுனையில் சின்னமாடன். பருத்திக்காரர்கள் சாக்கு விரித்தார்கள்; பெண்கள் முறத்தாலும் சேலை முந்தானையாலும் வாரிக் குவித்தார்கள். வாரிக்கொண்டே எல்லோரும் வாய் ஓயாமல் வைதுகொண்டிருந்தார்கள்.

"சொல்லாமக் கொள்ளாமப் பெய்யுதான் பாருவே."

"செய்தி அனுப்பக்கூட மனசு வரலை மகராசனுக்கு."

"நாளக்கி வரட்டும், கேப்போம்."

யாரைச் சொல்கிறார்கள் என்று புரியக் கொம்பையாவுக்குக் கொஞ்சநேரம் பிடித்தது. அதற்குள் செல் அடித்தது. ஹேமாவதி.

"தலைவரே, உங்க ஊர்ல மழையா?" குரல் பதறியது.

"கொட்டுது."

"அது எங்களது இல்லைங்க. உங்க மேகம் கடல்லயே நிக்குது. இது எங்கேர்ந்து வந்ததுன்னே தெரியல. தானா வந்திருக்கு." மேலிடத்தில் விளக்கம் கேட்பார்கள் என்ற கவலை அவளுக்கு. பிறகு அவனை நினைத்துக்கொண்டாள் போல. "உங்க மேல பழி வரவேண்டாம். இது தலைவர் கேட்ட மழை இல்லன்னு ஊருக்கெல்லாம் இப்பவே செய்தி அனுப்பிடறேன். ஒரு நிமிசம்தான் ஆகும்."

கொம்பையா பதில் சொல்ல வாயெடுத்தான். அந்தச் செய்தி எல்லோர் மடியிலும் முனகுகிற சத்தம் அவனுக்கு இப்போதே கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், மழைக்குள்ளிருந்து வெயிலாச்சி வந்துகொண்டிருந்தாள். ஈரத் தலைமுடி முகத்தில் அப்பியிருக்க, கையில் முறத்தோடு, நேராக அவனைப் பார்த்து.

"அனுப்பாதீங்க மேடம்" என்றான்.

"ஏங்க?"

"ஆளுக வேலையா இருக்காக. பொறவு பாத்துக்கிடலாம்."

செல்லை மடியில் செருகுவதற்குள் அவள் வந்துவிட்டாள்.

"ஏலே கொம்பையா."

இரண்டு வருசமாகக் காதில் விழாத சத்தம்.

"ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? அக்கா வத்தல் களத்துல கெடக்குன்னு தெரியாதா?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுதான் பெய்ஞ்சியா?"

"ஆமா."

அவள் மூச்சு வாங்கினாள். பிறகு தொடங்கினாள். இந்த மழையில் தொடங்கி, ரெண்டு வருசத்துக்கு முந்தின மழைக்குப் போய், அன்றைக்குக் கிராம சபையில் மடியில் கிடந்த கைக்குப் போய், அங்கிருந்து அவள் கல்யாணத்தன்று அவன் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டதற்குப் போனாள். சுற்றிலும் வாரிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தாமல் காதைக் கொடுத்தார்கள். அவள் எதையாவது விட்டுவிட்டால் ஏசுவடியான் எடுத்துக்கொடுத்தார். மழை கொம்பையாவின் மண்டையில் விழுந்து மூக்கு வழியாக வடிந்தது. அவன் துடைக்கவில்லை. எங்கே நிறுத்திவிடுவாளோ என்றுதான் கவலையாக இருந்தது.

"என்னத்துக்குப் பல்லக் காட்டிக்கிட்டு நிக்க?" என்றாள் கடைசியில். காற்று தார்ப்பாயின் ஒரு ஓரத்தைத் தூக்கி அடித்தது. "அந்த மூலையப் பிடி."

கொம்பையா ஓடிப்போய்ப் பிடித்தான்.

"இறுக்கிப் பிடில" என்றாள் வெயிலாச்சி.